பேச நாக்கு வராத வக்கீல்: குன்னூருக்கும் பழனிக்கும் வந்தவர் கதை



கிருத்திகை பஜனை முடிஞ்சதும், தம்பி இன்னைக்கு நீ ரெண்டு நிமிஷம் பேசுப்பான்னு பெரியவங்க மைக்கை நீட்டுவாங்க. அப்போ நம்ம பசங்க முகத்தைப் பார்க்கணும்! அதுவரைக்கும் தொண்டை கிழிய அரோகரா போட்டவன் திடீர்னு செருப்பைத் தேட ஆரம்பிச்சிடுவான். பாடச் சொன்னா பாடுவோம், காவடி தூக்கச் சொன்னா தூக்குவோம், பேசச் சொன்னா மட்டும் கை வேர்த்துடும். இன்டர்வியூ பயம் போக எந்தப் பதிகம் படிக்கணும்னு கேட்டு வர்ற மெசேஜும் குறையவே மாட்டேங்குது. எங்க நீலகிரிப் பசங்க, அதுலயும் எஸ்டேட் லைன்ல இருந்து படிச்சு வந்த பசங்க, கேம்பஸ் இன்டர்வியூல எழுத்துத் தேர்வுல முதல்ல வந்துட்டு, குரூப் டிஸ்கஷன்ல ஒரு வார்த்தை பேசாம வெளியே வர்றதை நான் நிறைய பார்த்திருக்கேன்.

பேச்சு வராதவங்க கதைன்னா நமக்கு உடனே குமரகுருபரர்தான் ஞாபகம் வருவார். ஐந்து வயசு வரைக்கும் பேசாத பிள்ளை, திருச்செந்தூர் சந்நிதியில முருகன் அருளால் பேசி, கந்தர் கலிவெண்பா பாடினார்னு நம்ம மரபு சொல்லுது. அது ஒரு நொடியில் நடந்த அருள். இன்னைக்கு நான் எழுதப் போறவருக்கு அப்படி ஒரு நொடி வாய்க்கவே இல்லை. அவருக்குப் பேச்சு வர வருஷக்கணக்கா ஆச்சு, நடுவுல பல தடவை மானம் போச்சு. ஆனா அவர் எங்க குன்னூருக்கும் வந்தார், கடைசியில் நம்ம பழனி மலைக்கும் வந்தார். ரூபாய் நோட்டுல தினமும் பார்க்கிற முகம்தான். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

காந்தி 1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்தார். பள்ளிக்கூடத்துல மணி அடிச்சதும் வீட்டுக்கு ஓடி வந்துடுவாராம். யாராவது பேச்சுக் கொடுத்துட்டா, கேலி பண்ணிட்டா என்ன பண்றதுங்கிற பயம். இருட்டுன்னாலும் பயம், பேய்ன்னாலும் பயம். வீட்டுல வேலை பார்த்த ரம்பா என்கிற அம்மா, பயம் வந்தா ராம நாமம் சொல்லுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. நம்ம வீட்டுல பாட்டி முருகா முருகான்னு சொல்லச் சொல்ற மாதிரிதான். அந்த நாமத்தைப் பின்னாடி வாழ்க்கை முழுக்க அவர் விடவே இல்லை. ஆனா ஒண்ணு கவனிக்கணும். பேய் பயம் போச்சு, மேடை பயம் போகலை.

1888-ல் சட்டம் படிக்க லண்டன் கிளம்பினப்போ ராஜ்கோட்டில் அவர் படிச்ச பள்ளிக்கூடத்துல வழியனுப்பு விழா வைச்சாங்க. நன்றி சொல்ல நாலு வரி எழுதி வைச்சிருந்தார். எழுந்து நின்னதும் தலை சுத்தி, உடம்பு நடுங்கி, அந்த நாலு வரியையே திக்கித் திணறித்தான் முடிச்சார். அப்போ வயசு பதினெட்டு.

லண்டன் போனா சரியாகிடும்னு நினைப்போம்ல? அங்கேதான் இன்னும் மோசம். சைவ உணவுக்காரங்க சங்கம் ஒண்ணு அங்கே இருந்தது. அதோட நிர்வாகக் குழுவில் அவரைச் சேர்த்துக்கிட்டாங்க. ஒரு கூட்டம் தவறாம போவார், ஒரு கூட்டத்துலயும் வாய் திறக்க மாட்டார். எல்லாரும் தன்னைவிட விஷயம் தெரிஞ்சவங்களா தெரிவாங்க. சரி, இப்போ சொல்லலாம்னு மனசைத் திடப்படுத்திக்கிட்டு நிமிர்ந்தா, அதுக்குள்ள அவங்க அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பாங்க. ஆபீஸ் கால்ல மியூட்டை எடுக்கறதுக்குள்ள டாபிக் மாறிடும்ல, அச்சு அசல் அதேதான். நூத்தி முப்பது வருஷம் முன்னாடியும் அப்படித்தான் இருந்திருக்கு.

அந்தக் குழுவில் நடந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். சங்கத்தில் டாக்டர் அலின்சன் என்று ஒருத்தர் இருந்தார். கருத்தடை முறைகளை ஆதரிச்சு, உழைக்கிற மக்கள்கிட்ட அதைப் பிரச்சாரம் பண்ணினவர். சங்கத் தலைவர் ஹில்ஸ் பெரிய தொழிலதிபர். சங்கமே பெரும்பாலும் அவர் பணத்துலதான் ஓடுது. அவருக்கு இது ஒழுக்கக்கேடாப் பட்டது. அலின்சனை வெளியே அனுப்பணும்னு தீர்மானம் வந்தது. காந்திக்குக் கருத்தடை விஷயத்துல அலின்சனோட உடன்பாடு கிடையாது, ஹில்ஸ் மேல மரியாதையும் உண்டு. ஆனாலும் சைவ உணவுக்காக இருக்கிற சங்கத்துல இருந்து ஒருத்தரை வேற ஒரு கருத்துக்காக வெளியேத்தறது நியாயம் இல்லைன்னு அவருக்குத் தெளிவாத் தெரிஞ்சது. வாயால் சொல்லத் தைரியம் இல்லாம எழுதிக்கிட்டுப் போனார். எழுதினதைப் படிக்கவும் முடியலை. தலைவரே வேற ஒருத்தரை விட்டுப் படிக்க வைச்சார். அலின்சன் தோத்துப் போனார்.

மேடைக் கூச்சம்னா நம்ம மானம் போறது மட்டும்தான்னு நினைச்சுக்கிறோம். இந்த இடத்துல பாருங்க, அன்னைக்கு நஷ்டம் காந்திக்கு இல்லை. நியாயம் தெரிஞ்ச ஒருத்தருக்கு நாக்கு வராததால, இன்னொரு மனுஷனுக்காகப் பேச வேண்டிய குரல் கேட்காமலே போச்சு. அவர் பேசியிருந்தாலும் ஓட்டு மாறியிருக்குமான்னு சொல்ல முடியாது. அது வேற விஷயம்.

அப்புறம் வென்ட்னர் என்கிற ஊர்ல ஒரு கூட்டம். இந்த முறையும் எழுதி வைச்சுட்டுத்தான் எழுந்தார். மொத்தமே ஒரு தாள்தான். கண் இருட்டிடுச்சு, கை நடுங்குது. கூட வந்த மஜும்தார் வாங்கிப் படிச்சார். மஜும்தார் தன் பேச்சைப் பிரமாதமா பேசிக் கைத்தட்டலும் வாங்கிட்டார். நண்பன் நல்லா பேசும்போது பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அந்த வலி இருக்கே, அது தனி ரகம்.

1891-ல் படிப்பு முடிஞ்சு ஊர் திரும்புறதுக்கு முன்னாடி, சைவ நண்பர்களுக்கு ஹோல்போர்ன் உணவகத்துல ஒரு விருந்து வைச்சார். இந்தத் தடவை நகைச்சுவையா பேசிடணும்னு முடிவு. எழுத்தாளர் அடிசன் பற்றி ஒரு பழைய கதை உண்டு. பாராளுமன்றத்துல முதல் தடவை பேச எழுந்தவர், நான் கருதுகிறேன் என்பதையே மூணு தடவை சொல்லிட்டு மேல போக முடியாம நின்னுட்டாராம். அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கருத்தரிக்கறதுன்னும் அர்த்தம் உண்டு. உடனே ஒருத்தர் எழுந்து, ஐயா மூணு தடவை கருத்தரிச்சும் ஒண்ணும் பெத்துப் போடலைன்னு கிண்டல் பண்ணினாராம். (தமிழ்லயும் கரு, கருது ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கறதைக் கவனிச்சீங்களா?) இந்தக் கதையை வைச்சு ஆரம்பிக்கலாம்னு காந்தி மனப்பாடம் பண்ணி வைச்சிருந்தார். எழுந்தார். முதல் வாக்கியம் வந்தது. அதுக்கு மேல எல்லாம் அழிஞ்சு போச்சு. பேச முடியாம நின்னவர் கதையைச் சொல்லப் போய், தானே அந்தக் கதை ஆயிட்டார். வந்ததுக்கு நன்றின்னு ஒரு வரி சொல்லிட்டு உட்கார்ந்துட்டார்.

இந்தியா வந்து பம்பாயில் தொழில் ஆரம்பிச்சார். சிறு வழக்கு நீதிமன்றத்துல மாமிபாய் என்கிற பெண்ணோட வழக்கு, ஃபீஸ் 30 ரூபாய். எதிர்தரப்பு சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணணும். எழுந்து நின்னார். நெஞ்சு அடைச்சு, கோர்ட்டே சுத்துற மாதிரி ஆயிடுச்சு. கேட்க ஒரு கேள்வி கூடத் தோணலை. உட்கார்ந்துட்டு, என்னால முடியாது, படேலை வைச்சுக்கோங்கன்னு ஏஜென்ட்கிட்ட ஃபீஸைத் திருப்பிட்டார். படேல் 51 ரூபாய்க்கு வந்து அசால்ட்டா முடிச்சார். காந்தி தோத்தாளா ஜெயிச்சாளான்னு கூடப் பார்க்காம வெளியே வந்துட்டார்.

அதுக்கப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாத்தியார் வேலைக்குப் போட்டார், மாசம் 75 ரூபாய். பி.ஏ. டிகிரி இல்லைன்னு வேண்டாம்னுட்டாங்க. லண்டன் பாரிஸ்டருக்கு வாத்தியார் வேலை கிடைக்கலை! கடைசியில ராஜ்கோட் போய், யாரையும் பார்த்துப் பேசத் தேவையில்லாத மனு எழுதற வேலையில உட்கார்ந்துட்டார். நம்ம பாஷையில சொன்னா, கிளையன்ட் கால் இல்லாத பேக் எண்ட் வேலை. நல்ல வருமானமும் வந்தது. அங்கேயே இருந்திருந்தா நமக்கு அவர் பேர் கூடத் தெரிஞ்சிருக்காது.

1893-ல் ஒரு வியாபார வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன்ல முதல் வகுப்பு டிக்கெட்டோட இருந்தவரை ரயில்ல இருந்து தள்ளிவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதுக்கு அடுத்து நடந்ததுதான் அதிகமா யாரும் சொல்றதில்லை. பிரிட்டோரியா போய்ச் சேர்ந்த கொஞ்ச நாள்லயே, ஹாஜி முகமது ஹாஜி ஜூசப் என்பவர் வீட்டுல அந்த ஊர் இந்தியர்களை எல்லாம் கூட்டிப் பேசினார். தன் வாழ்க்கையில முதல் பேச்சுன்னு அவரே பின்னாடி இதைத்தான் குறிப்பிட்டார். என்ன பேசினார்? வியாபாரத்துல உண்மையா இருக்கறது, சுத்தம், மதம் மாநிலம்னு பிரிஞ்சு நிக்காம ஒண்ணா இருக்கறது, நம்ம கஷ்டத்தை அதிகாரிகள்கிட்ட கொண்டு போக ஒரு சங்கம். உட்கார்ந்திருந்தவங்க பெரும்பாலும் அவரைவிட மூத்த வியாபாரிங்க. வியாபாரத்துல உண்மை சரிப்படாதுன்னு சொல்லிட்டுத் திரியறவங்ககிட்டயே போய் அதைப் பேசினார். நடுங்கலை.

லண்டன்ல ஒரு தாள் படிக்க முடியாதவர் இங்கே எப்படிப் பேசினார்? எனக்குத் தோணறதைச் சொல்றேன். ஹோல்போர்ன்ல அவர் மனசுல இருந்தது, நான் எப்படிப் பேசப் போறேன் என்பது. பிரிட்டோரியாவில இருந்தது, இவங்களுக்கு இதைச் சொல்லியாகணுமே என்பது. பார்வை தன் மேல இருந்து எதிர்ல இருக்கிறவங்க மேல போயிடுச்சு. அதோட அந்த இடமும் சின்னது. ஒரு வீட்டுக் கூடம், தெரிஞ்ச பாஷை, ஒரே மாதிரி அடி வாங்கின ஜனங்க. பேசி முடிச்சதும் இங்கிலீஷ் கத்துக்க விரும்பறவங்களுக்கு நானே சொல்லித் தர்றேன்னு வேற சொன்னார். மூணு பேர் வந்தாங்க: ஒரு முடிதிருத்துபவர், ஒரு கிளார்க், ஒரு சின்னக் கடைக்காரர். அவங்க இடத்துக்கே போய், கை வேலை முடியற வரைக்கும் காத்திருந்து சொல்லிக் கொடுத்தார். கூட்டமும் அடிக்கடி நடந்தது. மேடைப் பேச்சுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியலை.

அடுத்த வருஷம் நேட்டால்ல அவர் ஆபீஸுக்கு ஒரு தமிழர் அழுதுகிட்டு வந்து நின்னார். கிழிஞ்ச துணி, முன்பல் ரெண்டு உடைஞ்சு ரத்தம், தலைப்பாகை கையில. பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. வேலை வாங்கின வெள்ளைக்காரன் அடிச்சிருந்தான். காந்திகிட்ட இருந்த கிளார்க் தமிழர் என்பதால விஷயம் புரிஞ்சது. முதல்ல தலைப்பாகையைக் கட்டிக்கோங்கன்னு சொன்னார். (வெள்ளைக்காரங்க முன்னாடி தலைப்பாகையைக் கழட்டிக் கையில வைச்சுக்கணும்னு கூலிகளுக்கு வழக்கமே ஆக்கி வைச்சிருந்தாங்க.) அப்புறம் டாக்டர்கிட்ட காட்டி, மாஜிஸ்திரேட்கிட்ட போய், அவரை வேற முதலாளிக்கு மாத்திக் கொடுத்தார். எங்க மலைத் தோட்டங்களுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் ஆள் போன காலம் அது. இதைப் படிக்கிற பல பேர் வீட்டுல ஒரு தாத்தாவோட தாத்தா பாலசுந்தரமா இருந்திருப்பார்.

பயம் அத்தோட போச்சான்னா, இல்லை. 1896 செப்டம்பர் 26, பம்பாய். தென்னாப்பிரிக்க இந்தியர் நிலைமை பற்றிப் பேசப் பெரிய கூட்டம். ஃபிரோஸ்ஷா மேத்தா முன்கூட்டியே எழுதி வைச்சுக்கச் சொல்லியிருந்தார், நல்லதாப் போச்சு. கூட்டத்தைப் பார்த்ததும் காந்தி குரல் நடுங்க ஆரம்பிச்சது. மேத்தா சத்தமா, சத்தமான்னு உற்சாகப்படுத்த, குரல் இன்னும் உள்ளே போனது. கடைசியில தின்ஷா வாச்சா வாங்கிப் படிச்சார். மறுபடியும் பழைய கதை!

சரியா ஒரு மாசம் கழிச்சு, அக்டோபர் 26, சென்னை பச்சையப்பன் மண்டபம். இங்கேயும் அச்சடிச்ச பேச்சுதான், அவர் கணக்குக்கு நீளமானதும் கூட. ஆனா பாலசுந்தரம் விஷயம் அவருக்கு முன்னாடியே சென்னைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஜனங்க ஒரு வார்த்தை விடாம கேட்டாங்க. கூட்டம் முடிஞ்சதும் அவர் எழுதின பச்சை அட்டைப் புத்தகத்துக்கு அடிச்சுப் பிடிச்சு வந்தாங்க. திருத்தி 10,000 பிரதி மறுபடி அடிக்க வேண்டியதாச்சு. அவருக்கு மேடை முதல் தடவையா இந்த அளவுக்குக் கைகொடுத்தது ஒரு தமிழ்க் கூட்டத்துல, ஒரு தமிழ்க் கூலித் தொழிலாளியால. நம்ம ஊர்ல இதை யாரும் பெருசா சொல்றதே இல்லை, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

1901 கல்கத்தா காங்கிரஸ்ல ஒரு காமெடி. தீர்மானம் கொண்டுவர அஞ்சு நிமிஷம் கொடுத்தாங்க. பேசிக்கிட்டு இருக்கும்போதே மணி அடிச்சது. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குங்கிற எச்சரிக்கை மணி அது. இவருக்குத் தெரியாது, மனசு வருத்தப்பட்டு உடனே உட்கார்ந்துட்டார். மணி அடிச்ச தலைவர் யாருன்னா, பம்பாய்ல இவர் பேச்சை வாங்கிப் படிச்ச அதே தின்ஷா வாச்சா!

1906 செப்டம்பர் 11-ஐ நம்ம பக்தர்கள் அவசியம் தெரிஞ்சுக்கணும். ஜோஹானஸ்பர்க் எம்பயர் தியேட்டர்ல சுமார் 3,000 இந்தியர்கள். ஆசியர்களைக் குற்றவாளி மாதிரி கைரேகை வைச்சுப் பதியச் சொல்ற சட்டத்துக்கு எதிரான கூட்டம். ஹாஜி ஹபீப் என்கிற பெரியவர் பேசும்போது, கடவுள் பேரால சத்தியம் பண்ணுவோம்னு சொல்லிட்டார். இது காந்தி எழுதி வைச்சதுல இல்லை. அவர் திடுக்கிட்டு எழுந்து, எந்தத் தாளும் இல்லாம பேசினார். கடவுள் பேரால எடுக்கிற சத்தியம் சாதாரணத் தீர்மானம் மாதிரி கை தூக்கிட்டு மறந்து போறது இல்லை, ஜெயில், பட்டினி, அடி, உயிர் போறது வரைக்கும் வரலாம், கூட இருக்கிறவன் விட்டுட்டுப் போனாலும் நீ தனியா நிக்கத் தயாரா இருந்தா மட்டும் எடு என்பதுதான் அவர் சொன்னதோட சாரம். மாலை போட்டு விரதம் இருக்கிறவங்களுக்கு இதுல விளக்கவே வேண்டாம். அத்தனை பேரும் எழுந்து நின்னு சத்தியம் பண்ணினாங்க. சத்தியாகிரகம் அங்கேதான் ஆரம்பிச்சது. அதுல பின்னாடி ஜெயிலுக்குப் போனவங்கள்ல தம்பி நாயுடு, தில்லையாடி வள்ளியம்மைன்னு நம்ம ஜனங்க எத்தனை பேர்! ஹோல்போர்ன்ல மனப்பாடம் மறந்து நின்னதுக்கும் இதுக்கும் நடுவுல பதினைஞ்சு வருஷம்.

அதுக்கப்புறம் நடந்த சரித்திரம் பாடப்புத்தகத்துல இருக்கு. நான் நேரா எங்க மலைக்கு வந்துடறேன். தீண்டாமைக்கு எதிரா 1933 நவம்பர்ல ஆரம்பிச்ச சுற்றுப்பயணம், மொத்தம் 12,500 மைல். அதுல 1934 ஜனவரி கடைசியில குன்னூர் வந்து கிட்டத்தட்ட ஒரு வாரம் தங்கினார். குன்னூர், கோத்தகிரி, ஊட்டின்னு கூட்டங்கள்ல பேசினார். கை தட்டல் வாங்கற பேச்சு இல்லை அது. குரலை ஏத்தி இறக்க மாட்டார், கையை ஆட்ட மாட்டார். வீட்டுல உட்கார்ந்து பேசற மாதிரி சின்னச் சின்ன வாக்கியம், முடிஞ்சதும் ஹரிஜன நிதிக்குக் கை நீட்டுவார், அவ்வளவுதான். அந்தக் காலத்துல திங்கக்கிழமை வந்தா முழு நாளும் மௌனம் வேற. கூச்சத்தால வார்த்தையை அளந்து பேசற பழக்கம் வந்ததுன்னும், அது தனக்கு ஒரு கவசமா இருந்ததுன்னும் சுயசரிதையில எழுதியிருக்கார். புது ஆட்கள் முன்னாடி தயக்கம் முழுசா போகலைன்னும் அதே இடத்துல ஒத்துக்கிட்டார்.

பேச வந்துட்டா எல்லாம் சரியா பேசிடுவோம்னும் இல்லை. அந்த ஜனவரி 15-ல் பீகார்ல பயங்கர பூகம்பம். தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இதுன்னு காந்தி திருநெல்வேலியில பேசிட்டார். செத்துப் போன ஏழைகள் என்ன பாவம் பண்ணினாங்கன்னு கேட்கத் தோணும்ல? தாகூர் இதைக் கடுமையா மறுத்தார். காந்தி தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கலை, ஆனா தாகூரோட மறுப்பைத் தன்னோட ஹரிஜன் பத்திரிகையிலேயே அச்சடிச்சுப் பதிலும் எழுதினார். இதுல நான் தாகூர் பக்கம்தான். ஆனா தன்னை எதிர்க்கிற குரல் எல்லார் காதுலயும் விழணும்னு அவர் பார்த்துக்கிட்டார் பாருங்க, அதைப் படிக்கும்போது எனக்கு அலின்சன் கதைதான் ஞாபகம் வந்தது.

ஹரிஜனங்களை விடாத கோயிலுக்குள்ள நானும் போக மாட்டேன்னு காந்தி ஒரு வைராக்கியம் வைச்சிருந்தார். 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போனார். அதுக்குப் பிறகு ஒவ்வொரு கோயிலா கதவு திறந்தது. 1946 பிப்ரவரியில காந்தி மதுரைக்கு வந்து மீனாட்சியைத் தரிசிச்சார். அங்கிருந்து ராஜாஜியோட பழனி. அப்போ அவருக்கு வயசு 76, படி ஏற உடம்பில் தெம்பு இல்லை. நாற்காலியில உட்கார வைச்சு மலை மேல தூக்கிட்டுப் போனாங்க. எல்லாருக்கும் கதவு திறந்த பிறகுதான் நம்ம தண்டாயுதபாணி சந்நிதியில போய் நின்னார்.

வேலும் மயிலும் துணை.